நாள்தோறும் ஒரு மாத்திரை

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து அன்று இல்லை. எய்ட்ஸ் நிலையை அடைந்தோர் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மாண்டனர்.

1996இல் மூன்று மருந்துகளை ஒருங்கே தரும் கூட்டு மருத்துவம் பரவியது. வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகும் வைரஸை அம்மருந்துகள் பெருகவிடாமல் தடுக்கின்றன. ஆயினும் சில அணுக்களில் உறங்கிக் கிடக்கும் வைரஸை அவற்றால் அழிக்க இயலாது. மருந்தை நிறுத்தினால் அது விழித்தெழும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். எனவேதான் மாத்திரை வாழ்நாள் முழுதும் வேண்டியதாகிறது.

விலையே பெருந்தடையாக நின்றது. ஓராண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலர் வரை ஆன நிலையில், 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா அதனைத் தொண்டு நிறுவனத்திற்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மையங்களில் கட்டணமின்றியே கிடைத்தது.

இன்று, காலத்தே தொடங்கித் தவறாது உட்கொள்பவரின் வாழ்நாள் பிறரது வாழ்நாளை நெருங்குகிறது. பரிசோதனையில் புலப்படாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அந்நிலை நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்றுப் பரவுவதில்லை. தொற்றுடையோரை வேலையிலும் கல்வியிலும் ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனினும், கான்சாபுரம் போன்று ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்களில், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்றஞ்சி, அருகிலுள்ள மையத்தை விடுத்துத் தொலைவிலுள்ள மையத்திற்குப் பேருந்து ஏறுவோர் இருக்கவே செய்வர்.