ஒரு கிலோ நிலக்கரிக்குள் எத்தனை யூனிட் சூடு?



பனி கொட்டும் ஊர்களில் மக்கள் வீட்டை எப்படிச் சூடாக வைத்துக்கொள்கிறார்கள்? அதற்கு எவ்வளவு செலவாகும்? இப்படி ஒரு கேள்வி உங்கள் மண்டைக்குள் எப்போதாவது ஓடியிருந்தால், முதலில் ஒரு சபாஷ்! வாருங்கள், போலந்து நாட்டுக்குப் போவோம்.

அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நாட்டின் சிலேசியா பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைய உண்டு. அதனால் பல வீடுகளில் நிலக்கரி பாய்லர் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரைச் சுட வைக்கும். சுடுதண்ணீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போய், சுவரோரம் இருக்கும் இரும்புப் பலகைகளைச் சூடாக்கும். ஆறிய தண்ணீர் மறுபடி பாய்லருக்கே திரும்பி வரும்.

வேறு சில வீடுகளில் மின்சார ஹீட்டர். சுவிட்சைப் போட்டால் போதும்.

இரண்டில் எது மலிவு? விலையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நிலக்கரியைக் கிலோவில் வாங்குகிறோம். மின்சாரத்தை யூனிட்டில் வாங்குகிறோம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டாமா?

சூட்டை அளக்க மெகாஜூல் என்றோர் அளவு இருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நல்ல நிலக்கரி ஒரு கிலோவில் சுமார் 25 மெகாஜூல் சூடு இருக்கும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். 25-ஐ 3.6-ஆல் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 7 வருகிறதா? ஆக, ஒரு கிலோ நிலக்கரிக்குள் 7 யூனிட் சூடு ஒளிந்திருக்கிறது.

கொஞ்சம் பொறுங்கள்! அந்த ஏழும் அறைக்கு வந்து சேருமா?

ஒரு கிலோ மாம்பழம் வாங்கினால் தோலும் கொட்டையும் போக மிச்சம்தானே வாய்க்கு? நிலக்கரியும் அப்படித்தான். சூட்டில் ஒரு பங்கு புகையோடு புகைபோக்கி வழியே ஓடிப்போகும். சரியாக எரியாத துண்டுகள் சாம்பலோடு வெளியே போகும். பழைய பாய்லர் என்றால் பாதி சூடு வீண் என்றே வைத்துக்கொள்ளலாம். ஏழில் நமக்குக் கிடைப்பது மூன்றரை யூனிட்தான்.

ஹீட்டரோ நறுக்கித் தட்டில் வைத்த பழம். ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடும் அறைக்குள்ளேயே கிடைக்கும். புரிகிறது அல்லவா?

சரி, கணக்கைப் போடுவோம். போலந்துக் காசு ஸ்லோட்டி. விலை அடிக்கடி மாறும். கணக்கு எளிதாக வர ஒரு கிலோ நிலக்கரி ஒன்றரை ஸ்லோட்டி, ஒரு யூனிட் மின்சாரம் ஒரு ஸ்லோட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரையை மூன்றரையால் வகுத்தால் 0.43. பாதியை வீணடிக்கும் பழைய பாய்லர்கூட ஒரு யூனிட் சூட்டை 0.43 ஸ்லோட்டிக்குத் தந்துவிடுகிறது! ஹீட்டருக்கு முழுசாக ஒரு ஸ்லோட்டி.

மின்சாரம் ஏன் இவ்வளவு விலை? தோலும் கொட்டையும் எங்கேயோ போகத்தானே வேண்டும்? போலந்தின் மிகப் பெரிய மின்நிலையம் பெல்ஹாத்தூவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எரிப்பது பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியில் வெட்டி எடுப்பதும் அதே வகைதான். இப்படிப்பட்ட நிலையங்களில் எரியும் நிலக்கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. மிச்சம் அங்கேயே வீணாகிறது. அந்தச் செலவும் மின்கட்டணத்தில் சேர்ந்துதான் வரும்.

அப்படியானால் பாய்லர்தான் கெட்டியா? அவசரப்படாதீர்கள். இன்னொரு போட்டியாளர் இருக்கிறார். அவர் பெயர் ஹீட் பம்ப்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் சூடு அடிக்கும், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது ஃபிரிட்ஜ். ஹீட் பம்ப் அதே வேலையை வீட்டுக்குச் செய்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளும். பனிக்காற்றிலும் சூடு உண்டா என்று கேட்கிறீர்களா? உண்டு! கடுங்குளிரில் கொஞ்சம் திணறும். மொத்தக் குளிர்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். அப்போது ஒரு யூனிட் சூடு 0.33 ஸ்லோட்டி. பழைய பாய்லர் தோற்றுவிட்டது! ஆனால் ஹீட் பம்பை வாங்கி மாட்டும் செலவு அதிகம். அதனால்தான் பலர் தயங்குகிறார்கள்.

புகையை மறந்துவிட்டோமே! போலந்தின் கிராக்கோவ் நகரம் விஸ்துலா ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டுப் புகை மேலே கலையாமல் ஊர்மேலேயே தேங்கி நிற்கும். இருமலுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் 2019 செப்டம்பர் 1 முதல் அந்த நகரத்தில் வீட்டு அடுப்பிலும் பாய்லரிலும் நிலக்கரியோ விறகோ எரிக்கத் தடை. நிலக்கரி எத்தனை மலிவாக இருந்தாலும் அங்கே எரிக்க முடியாது.

இப்போது உங்கள் முறை. தடை இல்லாத ஊரில் ஒருவர் புது பாய்லர் வாங்குகிறார். அது நிலக்கரியின் சூட்டில் நூற்றுக்கு 80 பங்கை அறைக்குக் கொண்டுவருகிறது. நாம் வைத்துக்கொண்ட அதே விலைதான். ஒரு யூனிட் சூட்டுக்கு எவ்வளவு செலவு? ஹீட் பம்பை ஜெயிக்குமா, தோற்குமா? நோட்டையும் பென்சிலையும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.