கருவி செய்யும் கருவி – 9: குழலுக்குள் ஒரு காடி

இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, கம்பியின் மேல் சுருட்டி, அடித்து ஒட்டவைத்துத் துப்பாக்கிக் குழலாக்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கைவினைஞர்களுக்கு அதற்குப் பிறகுதான் கடினமான வேலை. குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் காடிகளை வெட்ட வேண்டும். அவை இருந்தால்தான் வாய்வழியே கெட்டித்த ஈயக்குண்டு சுழன்றபடி நேராகப் பாயும். பெரும்பாலும் ஏழெட்டுக் காடிகள். ஏறத்தாழ நான்கடிக்கு ஒரு சுற்று.

இதற்கான கருவியை அவர்கள் மரத்தில் செய்துகொண்டார்கள். நீண்ட மர உருளை ஒன்றின் மேல் காகிதப் பட்டையைச் சாய்வாகச் சுற்றி, அதன் விளிம்பையொட்டிக் கோடு கிழித்தால் சீரான திருகு கிடைத்துவிடும். அந்தக் கோட்டின் மேலேயே காடி செதுக்குவார்கள். பலகையில் அசையாமல் நிற்கும் தகடு ஒன்று அந்தக் காடிக்குள் பொருந்தியிருக்கும். உருளையை இழுத்தால் அது திரும்பிக்கொண்டேதான் நகர முடியும். உருளையோடு இணைந்த கோல் குழலுக்குள் போகும். கோலில் பதித்த சிறு எஃகுப் பல், உருளையின் திருகை அப்படியே இரும்பில் கீறும். ஓர் இழுப்புக்கு மயிரிழை அளவுதான் சுரண்டும். சுரண்டல் நின்றதும் பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி உயர்த்துவார்கள். ஆழத்தை அளக்க வேறு அளவுகோல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காகிதத்தின் கனத்தையே அளவாகக் கொண்ட அந்தப் புத்தியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதைவிட அழகானது பழுது பார்க்கும் முறை. சுட்டுச் சுட்டுக் காடிகள் மழுங்கிய குழலுக்குள் ஒரு கோலை நுழைத்து, அதன் முனையைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் பழைய காடிகளின் அச்சை வாங்கிக்கொள்ளும். அதில் சிறு பல்லைப் பதித்து இழுத்தால், மிச்சமிருக்கும் காடியே வழிகாட்டும். உருளையே வேண்டியதில்லை.

தொழிற்சாலைத் துப்பாக்கிகள் பெருகியதும் இந்தக் கைவேலை அருகிப்போனது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் துப்பாக்கிக் கைவினைஞர் வாலஸ் கஸ்லர் அந்தப் பழைய முறையிலேயே ஒரு முழுத் துப்பாக்கியைச் செய்து காட்டியது 1969இல் ஆவணப்படமாக வந்தது. ஜார்ஜியாவின் மலைப்பகுதி மாணவர்கள் தொகுத்த ‘ஃபாக்ஸ்ஃபயர்’ நூல் வரிசையின் ஐந்தாம் தொகுதியும் (1979) இக்கலைக்குப் பல பக்கங்களை ஒதுக்கியது. வெள்ளி பதித்த துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் ஏராளம். அவற்றைப் பிறப்பித்த மர உருளைகளுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பேன். உருளையில் திருகு பிசகினால், அதில் வெட்டிய குழல்கள் எல்லாவற்றிலும் அந்தப் பிசகு இருக்கும்.

அடுத்த வாரம் மேப்பிள் கட்டையில் துப்பாக்கியின் பூட்டை, அதாவது சுடும் விசையமைப்பை, பதிக்கும் வேலை. விளக்குக் கரியை உலோகத்தில் தடவி, மரத்தில் அழுத்தி எடுத்தால் கரி ஒட்டிய இடம்தான் இடிக்கிற இடம். அங்கே மட்டும் உளி இறங்கும்.