ஆயிரம் வயதுக் கொம்புகள்!

பதினோரு கிலோ எடையுள்ள மான் கொம்பைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க ஆட உங்களால் முடியுமா? "ஐயோ, புத்தகப் பையையே தூக்க முடியலை!" என்கிறீர்களா? சரிதான். ஆனால், இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்காரர்கள் ஆண்டுதோறும் இப்படித்தான் ஆடுகிறார்கள்.

அந்தக் கிராமத்தின் பெயர் ஆபட்ஸ் பிராம்லி. ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் இருக்கிறது. கோதுமை அறுவடை முடிந்த செப்டம்பர் மாதத்தில் அங்கே ஊர்த் திருவிழா. 4-ஆம் தேதிக்கு அடுத்து வரும் ஞாயிறுக்கு மறுநாள், அதாவது திங்கட்கிழமை, ஆட்டம் நடக்கும். காலண்டரில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 6-லிருந்து 12-ஆம் தேதிக்குள்தான் வரும்!

அன்று காலை எட்டு மணிவாக்கில் ஆட்டக்காரர்கள் புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்குப் போவார்கள். அங்கே சுவரில் ஆறு ஜோடிக் கொம்புகள் மாட்டியிருக்கும். மரத்தில் செய்த மான் தலையில் பொருத்தி, கீழே ஒரு கைப்பிடியும் வைத்திருக்கிறார்கள். கொம்பைத் தலையில் கட்டிக்கொள்வார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை, கையில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய ஜோடியின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்!

ஆறு பேர் மான்கள். கூடவே ஒரு கோமாளி, இடுப்பில் குதிரை உருவத்தை மாட்டிக்கொண்ட ஒருவர், வில் ஏந்திய பையன். ராபின் ஹூட் கதையில் வரும் மெய்ட் மேரியனும் உண்டு. வழக்கமாக அந்தப் பெண் வேடத்தைப் போடுபவர் ஓர் ஆண்! மெலோடியன் என்ற துருத்திப் பெட்டியும் முக்கோணக் கம்பியும்தான் இசை. குதிரையின் வாய் திறந்து மூடி 'டக் டக்' என்று தாளம் போடும். பையனின் அம்பும் பாயாது. இழுத்துவிட்டால் வில்லில் முட்டி அதுவும் 'டக்'!

முதலில் வரிசையாக வளைந்து வளைந்து வருவார்கள். பிறகு மூன்று மூன்று பேராக எதிரெதிரே நிற்பார்கள். முட்ட வருவதுபோல் முன்னே பாய்வார்கள், சட்டென்று பின்வாங்குவார்கள். கடைசியில் ஒருவரையொருவர் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். முட்டவே மாட்டார்கள். இப்படிப் பண்ணை பண்ணையாக, வீடு வீடாக ஆடிக்கொண்டு சுமார் 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தோள் என்ன பாடுபடும்!

ஏன் முட்டக்கூடாது தெரியுமா? 1976-இல் ஒரு கொம்பிலிருந்து சிறு சில்லு உடைந்தது. அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 என்ற பொருள் கொஞ்சம் இருக்கும். உயிர் போனபின் அது மெல்ல மெல்லக் குறையும். பாதியாகக் குறையவே சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததில் அந்தக் கொம்பு 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது!

இன்னொரு ஆச்சரியம், இவை ரெயின்டீர் கொம்புகள். ஆமாம், கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அதே மான்தான். ஆனால், அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ரெயின்டீரே கிடையாது! நார்வே போன்ற குளிர்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். யார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஒரு வரி எழுத்துகூட இல்லை.

கொம்புக்கு ஆயிரம் வயது என்பதால் ஆட்டத்துக்கும் ஆயிரம் வயது என்று சொல்லிவிடக்கூடாது. ராபர்ட் பிளாட் என்பவர் 1686-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன்படி, முன்பு கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில்தான் ஆடியிருக்கிறார்கள். ஆடிச் சேர்த்த காசில் தேவாலயத்தைப் பழுதுபார்த்தார்கள், ஊர் ஏழைகளுக்கும் உதவினார்கள். செப்டம்பருக்கு மாறியது பிற்பாடுதான்.

இவ்வளவு பழைய பொருள் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டித்தானே வைப்பார்கள்? இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. மழை, வெயில் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். இருட்டும் நேரத்தில் கொம்புகள் மறுபடி தேவாலயச் சுவருக்குப் போய்விடும். வெளியூரில் ஆடக் கூப்பிட்டால்? அதற்கென்றே வேறு கொம்புகள் வைத்திருக்கிறார்கள். பழைய கொம்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் அந்த ஊருக்குப் போக வேண்டும்!