வறட்சியும் தேயிலையின் காஃபீனும்

தேயிலைச் செடியின் எல்லா உறுப்புகளிலும் காஃபீன் ஒரே அளவில் உருவாவதில்லை. மொட்டும் அதை அடுத்த இரண்டு இலைகளும் சேர்ந்த கொழுந்தில்தான் அது மிகுதியாக உருவாகி, உலர் எடையில் ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு வரை சேர்கிறது. மென்மையான அவ்விலைகளைப் பூச்சிகளிடமிருந்து காக்கும் கசப்புப் பொருளாகவும் அது பயன்படுகிறது.

காஃபீனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. செல்லிலுள்ள சாந்தோசின் என்னும் பொருளின் மீது மெத்தில் தொகுதிகள், அதாவது ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு கூறுகள், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை ஏற்றப்படும்போது, முதலில் தியோபுரோமினும் முடிவில் காஃபீனும் கிடைக்கின்றன. இவ்வழியின் இறுதிப் படிகளை நடத்தும் நொதி காஃபீன் சின்தேஸ் எனப்படுகிறது.

மண்ணில் ஈரம் குறையும்போது, வேர்களின் நீர்ப்பற்றாக்குறையை உணர்த்தும் அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீர் பெருகி இலைத்துளைகளை மூடச் செய்வதால், கரியமில வாயு உள்ளே புகுவது குறைந்து ஒளிச்சேர்க்கை தளர்கிறது. நீரோடு கலந்து வேர்வழி ஏறும் நைட்ரஜனும் குறைகிறது. வறட்சிக்கு உட்படுத்திய தேயிலைச் செடிகளில் காஃபீன் சின்தேஸ் மரபணுவின் செயல்பாடு குன்றுவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

ஆனால் இதிலிருந்து வறட்சிக்காலத் தேயிலையில் காஃபீன் எப்போதும் குறைவாகவே இருக்கும் என்று முடிவுசெய்ய இயலாது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், வறண்ட வசந்தத்துக்குப் பின் பருவமழை தொடங்கியதும் கொழுந்தின் வளர்ச்சி பெருகியது. அதேவேளை கேட்டெச்சின்கள் என்னும் தேயிலை வேதிப்பொருள்கள், காஃபீன் ஆகியவற்றின் செறிவு 50 விழுக்காடு வரை சரிந்தது. மழை பெற்ற இலை விரைந்து வளரும்போது, அதிலுள்ள வேதிப்பொருள்கள் பெரிய பரப்பில் பரவி நீர்த்துப்போவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எனவே செறிவும் மொத்த விளைச்சலும் வேறுவேறானவை. ஒரு செடி வறட்சியில் 4 விழுக்காடு காஃபீனுடன் 10 கிராம் உலர்கொழுந்தையும், மழையில் 2.5 விழுக்காட்டுடன் 20 கிராமையும் தருவதாகக் கொண்டால், முன்னதில் 0.4 கிராமும் பின்னதில் 0.5 கிராமும் காஃபீன் இருக்கும். கோப்பையில் அருந்துபவர் உணர்வது செறிவை, செடி உண்மையில் உழைத்து உருவாக்கியது மொத்த அளவை. வறட்சியின் விளைவை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.