தீவகத்துக் காணியும் அதன் நிருவாகமும்

ஒரு காணி யாருக்கு உரியது என்பது ஒரு வினா. அதனை எவ்வாறு பயன்படுத்தலாம் எனத் தீர்மானிப்பவர் யார் என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு யாழ்ப்பாணத்தார் உறுதியையும், ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பெற்ற தேசவழமையையும் கொண்டு விடை காண்பர். இரண்டாவதன் விடையோ காலந்தோறும் மாறி வந்துள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மணியகாரரும் உடையாரும் விதானையாரும் காணி விடயங்களில் அரசாங்கத்தின் கண்ணும் செவியுமாய் இருந்தனர். பின்னர் மணியகாரரின் இடத்துக்குக் காரியாதிகாரி வந்தார். 1963இல் விதானையாரின் இடத்துக்குக் கிராம சேவையாளர் வந்தார். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரிடமிருந்த அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. இன்று ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய இடங்களிலே தனித்தனிச் செயலகங்கள் உள்ளன. நயினாதீவு வேலணைச் செயலகத்துக்கு உட்பட்டது. ஆதலால் அவ்வூரார் காணி அனுமதிப்பத்திரம் பற்றி விசாரிக்க வேண்டின், குறிகட்டுவான் துறைக்குப் படகேறி, அங்கிருந்து புங்குடுதீவைக் கடந்து செல்லவேண்டும்.

இங்ஙனம் அலுவலகம் மக்களை நெருங்கி வந்தது. ஆயின் அதிகாரமும் நெருங்கி வந்ததா?

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாண சபைக்குரிய விடயங்களுள் ஒன்றாக்கியது. எனினும் அரச காணி குடியரசுக்கே உரித்தாயிருக்கும் என்றும், தேசிய காணி ஆணைக்குழு ஒன்று கொள்கை வகுக்கும் என்றும் அதன் பின்னிணைப்புக் கூறிற்று. அவ்வாணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. வட மாகாண சபைக்கு முதன்முறையாக 2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடைபெற்றது. ஐந்து நாள்களின் பின், மலையகத் தோட்டக் காணி ஒன்று தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசாங்கம் மாகாணத்திடம் ஒப்படைக்கும் அரச காணியிலேயே மாகாண சபைக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். சபையின் பதவிக்காலமும் 2018இல் முடிவுற்றது.

தனியார் காணியிலும் உரிமையாளரின் விருப்பம் மட்டும் போதாது. வீடு கட்டப் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயமாக வகுத்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய தீவொன்றில் இவ்வளவு தூரம் சிறிதன்று. அங்கே கட்டடம் எழுப்புமுன் கரையோரத் திணைக்களத்தையும் நாடவேண்டும்.

உறுதி கையில் இல்லாதவர் நிலை இன்னும் இக்கட்டானது. 1990களில் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலரது ஆவணங்கள் அழிந்தன. உரிமையாளர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். 2025 மார்ச்சு 28ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வரவேண்டும் எனவும், தவறின் அவை அரச காணியாகும் எனவும் கூறிற்று. யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆயினும் மூன்று மாதம் எத்துணைக் குறுகியது என்பதைப் பலர் அப்போது உணர்ந்தனர்.

நெடுந்தீவில் பவளக்கல் வேலிகள் தலைமுறை தலைமுறையாக எல்லை காட்டி நிற்கின்றன. கல்வேலி அயலவருக்குச் சான்றாகலாம். அலுவலகத்துக்கு ஏடே சான்று. ஆகவே உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திற் பெறுதலும், நில அளவைப் படத்தைப் பேணுதலும், முதுசொத்தின் பங்குகளை முதியோர் இருக்கும்போதே எழுத்தில் வரைதலும், தூரத்திலுள்ள பிள்ளைகளுக்கு அவற்றைத் தெரிவித்தலும் இன்றே செய்யத்தக்கன.