பதினாறே நகர்த்தலில் ஒரு டிரா

இது ஒரு சதுரங்கத் தகவல்.

2013 நவம்பர் 9. சென்னையில் உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். நம் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். எதிரே நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன். அவர் முதலில் நகர்த்தியது குதிரையை. ரிச்சர்ட் ரெட்டி என்ற ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் தொடக்கம் அது. நடுக் கட்டங்களை உடனே சிப்பாய்களால் நிரப்பாமல், காய்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் காத்திருக்கும் பாணி.

ஆனந்த் அசரவில்லை. அவருடைய குதிரை வெள்ளை ராணியைத் தாக்கியது. ராணி விலகிக் குதிரையைக் குறிவைத்தது. குதிரை இடம் மாறி மறுபடியும் ராணியைத் தாக்கியது. இரண்டும் இப்படியே மாறி மாறித் துரத்தின. ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்ததால் 16ஆவது நகர்த்தலோடு ஆட்டம் டிரா. அரங்கில் சிலருக்கு ஏமாற்றம் இருந்திருக்கலாம். ஆனால் கறுப்புக் காய்களோடு இவ்வளவு சுலபமாக அரைப் புள்ளி எடுப்பது லாபம்தான்!

மறுநாள் ஆட்டமும் டிரா. பட்டம் மட்டும் கடைசியில் 6½-3½ என்று கார்ல்சனிடம் போனது.