பூட்டிய வீடுகளுக்கு யார் பொறுப்பு?

சுனாமியில் (2004) வீடிழந்த நம் அம்பாறை மாவட்ட மக்களுக்காக, சவூதி அரேபியாவின் நன்கொடையில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குப் பகிர்வது என்ற இழுபறி உயர் நீதிமன்றம்வரை போனது. 2009இல் தீர்ப்பு வந்தது. அதன் பின்பும் பத்து வருடங்களுக்கு மேல் வீடுகள் பூட்டியே கிடந்தன, பற்றைக்காடு மண்டியது. கூடாரத்திலும் வாடகை வீட்டிலும் பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு யார் பதில் சொல்வது?

ஊரே கூடிக் கிடுகு வேய்ந்து வீடு கட்டிய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம். பெருமூச்சுக்குப் பூட்டுத் திறக்காது சகோதரிகளே! 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சவளக்கடைப் பெண்ணும் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். கேட்பவர் இருந்தால்தான் பொறுப்பும் இருக்கும்.